வேலை விசாவுக்காக எங்கே காத்திருப்பது: ஊரிலா, ஜெர்மனியிலா?

ஜெர்மனிக்கு வர நினைக்கிற நண்பர்கள் போன் பண்ணினால் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான். ஊரில் இருக்கும் வேலையை விடாமல் அங்கிருந்தபடியே தேடி, ஆஃபர் வந்ததும் வேலை விசா போடுவதா, இல்லை ஆப்பர்ச்சுனிட்டி கார்டு வாங்கிக்கொண்டு இங்கே வந்து இறங்கி, குடியேறுவதையும் வேலை தேடுவதையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்வதா? நான் இரண்டையும் செய்தவன். ஏழு மாதம் ஓரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்துகொண்டே தேடினேன், ஒன்றும் அமையவில்லை. 2025 மார்ச்சில் கார்டோடு வந்தேன், 2026 ஜனவரியில் ப்ளூ கார்டு (டிகிரி படித்தவர்களுக்கான வேலை அனுமதி) கைக்கு வந்தது. அதனால் என் வழிதான் சரி என்று சொல்லப் போவதில்லை. என்னோடு படித்தவன் ஒருவன் கோயம்புத்தூரை விட்டு நகராமலே ஆஃபர் வாங்கினான், என்னைவிட நல்ல சம்பளத்தில்.

கார்டைப் பற்றி முதலில். ஜெர்மானியர்கள் ஷான்சன்கார்ட்டெ என்பார்கள், 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலை கையில் இல்லாமலே வந்து ஒரு வருஷம் வரை தங்கித் தேடலாம். டிகிரியோ குறைந்தது இரண்டு வருஷத் தொழிற்படிப்போ வேண்டும், ஜெர்மன் ஏ1 (தொடக்க நிலை) அல்லது ஆங்கிலம் பி2 (நடுநிலைக்கு மேல்) வேண்டும், அதற்கு மேல் புள்ளிக் கணக்கில் 6 எடுக்க வேண்டும். இந்த 6 பெரிய மலை இல்லை. எனக்கு 35 வயதுக்குக் கீழே என்பதற்கு 2, கடந்த ஏழு வருஷத்தில் ஐந்து வருஷ அனுபவத்துக்கு 3, ஆள் பற்றாக்குறை உள்ள தொழில் என்று 1, ஜெர்மன் ஏ2 முடித்ததற்கு 1, ஆங்கிலம் சி1 அளவில் இருந்ததற்கு 1, ஆக 8 வந்தது. கன்சல்டன்சிகள் இந்தக் கூட்டல் கணக்கைப் போட்டுக் கொடுப்பதற்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். உட்கார்ந்து போட்டால் பத்து நிமிஷ வேலை. புள்ளியைவிட டிகிரிதான் சிலருக்கு இடிக்கும். வெளிநாட்டுப் படிப்புகளைப் பட்டியலிடும் அனாபின் என்ற தளத்தில் உங்கள் பல்கலைக்கழகமும் படிப்பும் சரியாகப் பொருந்தவில்லை என்றால் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கு ஆகும் நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம்தான் பெரிய சுமை. 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ வீதம் ஒரு வருஷத்துக்கு 13,092 யூரோவை பிளாக்டு அக்கவுன்ட்டில் (மாதம் இவ்வளவுதான் என்று எடுக்க முடிகிற கணக்கு) போட்டுக் காட்ட வேண்டியிருந்தது, சுமார் 13 லட்சம் ரூபாய். இது செலவு இல்லை, உங்கள் பணம்தான், மாதாமாதம் உங்களுக்கே திரும்பி வரும் என்று எல்லாரும் ஆறுதல் சொல்வார்கள். வேலை கிடைக்கும்வரை அதைத்தான் சாப்பிடப் போகிறீர்கள், அப்புறம் செலவு இல்லாமல் வேறென்ன? ஊரில் இருந்து தேடுகிறவருக்கு இந்தப் பணம் பேங்கிலேயே கிடக்கும், சம்பளமும் வந்துகொண்டிருக்கும். எனக்கு ஓரகடத்தில் வந்த சம்பளத்தையும் நின்றுபோன பிஎஃப்பையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பத்து மாதத்தின் உண்மையான விலை 13 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. இந்தக் கணக்கை முன்பே போட்டிருந்தால் இன்னும் நாலு மாதம் ஊரிலேயே தேடியிருப்பேனோ என்று இப்போதும் நினைப்பதுண்டு.

ஆனால் அதைவிட முக்கியமாக எனக்குப் பிடிபடாமல் போனது வேறு. ஒரு வருஷக் கார்டு என்றால் ஒரு வருஷம் வேலை தேடலாம் என்று நினைத்து வந்தேன். அப்படி இல்லை. முதல் மூன்று மாதம் குடியேறுவதிலேயே போய்விடும், அதை நடத்திய விதத்தில் நான் கொஞ்சம் மட்டித்தனம் பண்ணினேன்.

நான் வந்தது ரூர் பகுதியில் ஒரு நடுத்தர ஊர். ஆன்லைனில் 380 யூரோவுக்கு ஒரு அறை கிடைத்தது, வாடகைக்கு இருந்தவரிடம் உள்வாடகை. சாவியைக் கொடுக்கும்போதே அவர் ஒன்று சொன்னார்: இங்கே உங்கள் பெயரைப் பதிவு செய்ய முடியாது, வேறு எங்காவது பண்ணிக்கொள்ளுங்கள். நான் தலையாட்டிவிட்டேன். ஜெர்மனியில் குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள், அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் தேவை. அந்தத் தாளின் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். சொல்லிப் பழகவே ஒரு வாரம் ஆகும். தாள் இல்லையென்றால் பதிவு இல்லை, பதிவு இல்லையென்றால் வரி எண் வராது, வெளிநாட்டவர் அலுவலகத்தில் எந்த விண்ணப்பமும் நகராது, வங்கிகளில் பாதி கணக்கே திறக்காது. பிளாக்டு அக்கவுன்ட் பணம் மாதாமாதம் வர எனக்கு இங்கே ஒரு சாதாரணக் கணக்கு வேண்டியிருந்தது. ஆக, என் பணமே என் கைக்கு வரவில்லை.

பக்கத்துத் தெருவில் ஈழத்து அண்ணா ஒருவர் கடை வைத்திருக்கிறார். எண்பதுகளில் வந்தவர். கடையின் பலகையில் நாட்டின் பெயர் 'ஜேர்மனி' என்றுதான் இருக்கும், நம்மூர் எழுத்துக்கூட்டலைக் காட்டினால் சிரிப்பார். புழுங்கலரிசி வாங்கப் போனபோது கதையைச் சொன்னேன். "தம்பி, பதிவு இல்லாத அறைக்கு ஏன் காசு குடுத்தனீங்கள்? மலிவு எண்டு பாத்தா பிறகு அழ வேணும்" என்றார். அவர் சொல்லித்தான் தெரிந்தவர் ஒருவரின் மேல்மாடி அறை கிடைத்தது. 450 யூரோ, ஆனால் தாளில் கையெழுத்து. அதற்குள் மே மாதம் பாதி போய்விட்டது.

அதோடும் முடியவில்லை. வங்கி அனுப்பிய ரகசிய எண் கடிதம் இரண்டு முறை திரும்பிப் போனது. காரணம் தெரியாமல் வங்கியோடு மாறி மாறி பேசிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வாசலில் தபால்காரரைப் பிடித்துக் கேட்டால், அவர் லெட்டர் பாக்ஸைக் காட்டினார். அதில் வீட்டுக்காரர் பெயர் மட்டும் இருந்தது. இந்த ஊரில் பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதத்தைப் போட மாட்டார்கள், கதவு எண், மாடி எதுவும் கணக்கில்லை. ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதி செல்லோ டேப்பால் ஒட்டினேன். வந்த நாளே செய்திருக்க வேண்டிய வேலை. நம்மூரில் பெயரைச் சொன்னால் தபால்காரர் வீட்டுக்கே வந்து தந்துவிட்டுப் போவார், அந்தப் பழக்கம்.

இதே நேரத்தில் என் கோயம்புத்தூர் நண்பன் என்ன செய்துகொண்டிருந்தான்? காலையில் ஆபீஸ் போனான், மாலையில் வீடியோ இன்டர்வியூ கொடுத்தான். சாப்ட்வேர்காரன். அவன் விண்ணப்பித்த கம்பெனிகளில் வேலை மொழி ஆங்கிலம், ஆள் எங்கே இருக்கிறான் என்று பெரிதாக யாரும் கேட்கவில்லை. ஆஃபர் வந்ததும் கம்பெனியே இங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி விரைவு நடைமுறையைத் தொடங்கியது. முன் ஒப்புதல் வந்த பிறகு அவனுக்குத் தூதரகத் தேதி சீக்கிரமே கிடைத்தது. வந்து இறங்கியபோது முதல் இரண்டு மாதத்துக்குச் சாமான்களோடு ஒரு பிளாட்டைக் கம்பெனி பிடித்து வைத்திருந்தது, பதிவுத் தாளோடு. நான் மூன்று மாதம் பட்ட பாட்டை அவன் ஒரு செவ்வாய்க்கிழமையில் முடித்தான். பொறாமை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆள் கடல் தாண்டி இருந்தால் காத்திருக்க மாட்டார்கள் என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. உள்ளூர்க்காரனே வேலை மாறினால் மூன்று மாத நோட்டீஸ் கொடுப்பது இங்கே சகஜம், அதனால் விசாவுக்கு மூன்று மாதம் ஆகும் என்றால் எச்ஆர் முகம் சுளிப்பதில்லை. முகம் சுளிப்பது வேறு இடத்தில்.

என் தொழில் மெஷின். பிஎல்சி (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்), சென்சார், மோட்டார், நின்றுபோன லைனை ஓட வைப்பது. இந்த வேலைகள் பெரும்பாலும் பெரிய நகரத்தில் இல்லை, சின்ன ஊர்களில் எண்பது, நூறு பேர் வேலை செய்யும் குடும்பக் கம்பெனிகளில் இருக்கின்றன. அங்கே ஆங்கிலத்தில் வந்த விண்ணப்பத்தைப் படிக்கவே ஆள் கிடையாது. ஓரகடத்தில் இருந்து ஏழு மாதத்தில் 160 விண்ணப்பம் போட்டேன், நாலு வீடியோ இன்டர்வியூ வந்தது, நாலிலும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் இப்போது ஜெர்மனியில் இருக்கிறீர்களா? இந்த மாதிரிக் கம்பெனி ஆளைப் பார்க்க வேண்டும் என்கிறது, அவன் கையில் ஸ்பேனர் பிடிக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும் என்கிறது.

கார்டின் உண்மையான பலம் இங்கேதான். வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலைக்கு அனுமதி உண்டு என்பதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கு அதைவிடப் பெரிது இன்னொரு விதி. ஒரு கம்பெனியில் இரண்டு வாரம் வரை சோதனை வேலை செய்யலாம். அக்டோபரில் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பேக்கிங் மெஷின் கம்பெனி ஐந்து நாள் வரச் சொன்னது. முதல் இரண்டு நாள் யாரும் என்னிடம் எதையும் தொடச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு லைன் நின்றது. ஃபோர்மேன் கேபினட்டைத் திறந்தார், உள்ளே பார்த்தால் ஓரகடத்தில் நான் ஆறு வருஷம் மல்லுக்கட்டிய அதே சீமென்ஸ் எஸ்7 பிஎல்சி. திரையில் எரர் ஜெர்மனில் இருந்தது, ஆனால் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒரு லைட் சென்சாரின் கண்ணாடியில் அட்டைத் தூசி படிந்திருந்தது. சட்டை நுனியால் துடைத்தேன், லைன் ஓடியது. அவர் சட்டையால் துடைத்ததற்குத் திட்டினார், பிறகு காபி வாங்கித் தந்தார். வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் பற்றிப் பேசினார்கள். சென்னையில் இருந்து இதை எந்த வீடியோ இன்டர்வியூவிலும் காட்டியிருக்க முடியாது.

பகுதி நேர வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். குறைந்தபட்ச ஊதியம் 2025-இல் மணிக்கு 12.82 யூரோ, 2026-இல் 13.90. நான் ஒரு கிடங்கில் வாரம் 15 மணி நேரம் பார்சல் பிரித்தேன். மாதம் 830 யூரோ சொச்சம். மினிஜாப் என்கிற சின்னப் பகுதி நேர வேலைக்கு அந்த வருஷம் மாத வரம்பு 556 யூரோ, அதைத் தாண்டிச் சம்பாதித்ததால் அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர முடிந்தது. அதுவரை இருந்த பயணக் காப்பீடு எதற்கும் உதவாத ரகம். ஆகவே அறையும் பதிவும் முடிந்ததும் மினிஜாப்புக்கு மேலே, 20 மணிக்குக் கீழே ஒரு வேலை பிடிப்பது நல்லது. 20 மணியை முழுசாக எடுத்து, அதிகாலை நாலு மணி ஷிப்டும் ஒத்துக்கொண்டால் ஜெர்மன் வகுப்பில் தூங்குவீர்கள், தேடல் படுத்துவிடும். என் வகுப்பில் இருந்த ஒருவர் அப்படியே வருஷத்தை முடித்துத் திரும்பிப் போனார், பாவம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். மார்ச், ஏப்ரல், மே குடியேற்றம். ஜூன், ஜூலை பி1 வகுப்பு. ஆகஸ்டில் எல்லாரும் விடுமுறை, மின்னஞ்சலுக்குப் பதில் வராது. செப்டம்பர், அக்டோபரில்தான் நிஜமாகத் தேடினேன். நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பர் முழுக்க வெளிநாட்டவர் அலுவலகத்தின் பதிலுக்குக் காத்திருப்பு, ஏனென்றால் ஒப்பந்தம் இருந்தாலும் புது அனுமதி கிடைக்காமல் முழுநேர வேலை தொடங்க முடியாது. பழைய அட்டை காலாவதியாகும் முன் விண்ணப்பித்துவிட்டால் இடைக்காலச் சான்று தருவார்கள், அது பழைய அட்டையின் உரிமையைத்தான் நீட்டிக்கும், அதே 20 மணி நேரம்தான். பி1 மட்டும் நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனிலேயே முடித்துவிட்டு வந்திருந்தால் இரண்டு மாதம் கையில் மிஞ்சியிருக்கும், புள்ளியும் ஒன்று கூடியிருக்கும்.

கடிகாரம் ஓடுகிற பயத்தில் சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. பொறியியல், ஐடி போன்ற பற்றாக்குறைத் தொழில்களில் ப்ளூ கார்டுக்கு 2026-இல் ஆண்டுக்கு 45,934.20 யூரோ வேண்டும், மற்றவற்றுக்கு 50,700. அதற்குக் கீழே கிடைத்தாலும் சாதாரணத் திறனாளர் அனுமதி வாங்கலாம், 45 வயதுக்குள் இருந்தால் அதற்கு இப்படி ஒரு நிலையான வரம்பு இல்லை, இதே வேலைக்கு இங்குள்ளவர்கள் வாங்கும் சம்பளத்துக்கு ஈடாக இருந்தால் போதும். ஆனால் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு அதில் மூன்று வருஷம் ஆகும், ப்ளூ கார்டில் பி1 இருந்தால் 21 மாதம், ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். ஆப்பர்ச்சுனிட்டி கார்டில் கழித்த மாதங்கள் இந்தக் கணக்கில் சேராது. கோயம்புத்தூர்க்காரனுக்கு வந்த முதல் நாளே இந்த மீட்டர் ஓடத் தொடங்கியது, எனக்குப் பத்து மாதம் கழித்து.

குடும்பம் இருந்தால் இதை இன்னும் கறாராக யோசியுங்கள். ப்ளூ கார்டு வந்தால் மனைவியோ கணவரோ ஜெர்மன் தேர்வு எழுதாமலே வரலாம், வந்ததும் வேலைக்கும் போகலாம். ஆப்பர்ச்சுனிட்டி கார்டில் இருக்கும்போது, ஒரு ஆளுக்குக் கட்டிய பணத்தில், ஒரு அறையில், குடும்பத்தைக் கூட்டிவருவதைப் பற்றி நினைக்கவே நான் துணியவில்லை. என் மகள் தாம்பரத்தில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்ததை வீடியோ காலில் பார்த்தேன், அந்த நேரத்தில் இங்கே நான் கிடங்கில் ஷிப்டின் நடுவில் பாத்ரூமில் நின்றுகொண்டிருந்தேன். இந்த விஷயத்தில் ஊரில் இருந்து தேடுவதற்கு முன்னால் வேறு எந்த வழியும் நிற்காது.

மூன்றாவதாக, இங்கே மாஸ்டர்ஸ் படிப்பது. இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதுக்காரர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), 11,904 யூரோ பிளாக்டு அக்கவுன்ட், பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணம் சில நூறு யூரோதான். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் வெளிநாட்டவரிடம் செமஸ்டருக்கு 1,500 வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது நம்மிடம் கட்டணம் வாங்குகிறது, பார்த்துச் சேருங்கள். வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம், படிப்பு முடிந்தால் 18 மாதம் வேலை தேட அனுமதி, அந்த 18 மாதத்தில் மணிக்கணக்குக் கட்டுப்பாடும் இல்லை. என் சித்தி பையன் இப்படித்தான் வந்தான், அவன் குடியேறியது, மொழி கற்றது, நண்பர்கள் சேர்த்தது எல்லாம் படிப்போடு படிப்பாக நடந்துவிட்டது. எனக்கு 33 வயது, பிள்ளை, வீட்டுக் கடன். அதெல்லாம் சரிப்படாது.

டூரிஸ்ட் விசாவில் வந்து வேலை பிடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்டர்வியூவுக்குப் போகலாம், அவ்வளவுதான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அதை இங்கேயே வேலை அனுமதியாக மாற்ற முடியாது, ஊருக்குத் திரும்பிப் போய்த்தான் விசா போட வேண்டும். ஆப்பர்ச்சுனிட்டி கார்டை இங்கிருந்தே மாற்றலாம். அந்த 13 லட்சத்துக்கு நீங்கள் வாங்குவது ஒருவிதத்தில் இந்த வசதியைத்தான்.

சாப்ட்வேர், டேட்டா, ஆங்கிலத்தில் நடக்கும் வேலை என்றால் ஊரைவிட்டு நகராதீர்கள், ஒரு வருஷம் ஆனாலும் அங்கிருந்தே தேடுங்கள். மெஷின், எலெக்ட்ரிக்கல், கட்டுமானம் மாதிரி கையைக் காட்டிப் பெற வேண்டிய வேலை என்றால், ஆறு மாதம் ஊரில் இருந்து போட்டுப் பாருங்கள், அந்த ஆறு மாதத்தில் பி1 முடியுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் கார்டு. வருவது ஜனவரி கடைசியிலோ ஆகஸ்ட் கடைசியிலோ இருக்கட்டும், டிசம்பரில் இறங்கினால் ஒரு மாதம் பனியையும் பூட்டிய கதவையும்தான் பார்ப்பீர்கள். அறையைப் பிடிக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை இல்லை, பதிவுத் தாள் தருவீர்களா என்பது.

என் மச்சான் ஸ்ரீபெரும்புதூரில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் இருக்கிறான், அவனுக்கும் இதையே சொல்லியிருக்கிறேன். தீபாவளி வரை தேடு, பி1 எழுது, அப்புறம் பார்க்கலாம் என்று. வந்தால் முதல் இரண்டு மாதம் எங்களோடு தங்கிக்கொள்ளலாம். அவன் பெயரில் கையெழுத்துப் போடுவாரா என்று வீட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.